சிப்காட் க்யூசி வேலையிலிருந்து சேதராப்பட்டு மருந்துக் கம்பெனிக்கு மாற வேண்டும்: ரெஸ்யூமே, சம்பளம் பற்றி ஆலோசனை தேவை

கெடிலக்கரை
எல்லோருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் க்யூசி (தரப் பரிசோதனை) கெமிஸ்டாக இருக்கிறேன். படிப்பு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சேர்ந்து நான்கு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் 19,500, அதில் பேசிக் 11,000. பிஎஃப், இஎஸ்ஐ போகக் கையில் பதினெட்டாயிரம் சொச்சம் வருகிறது. தங்கைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், இந்தச் சம்பளத்தில் ஓட்ட முடியவில்லை.

புதுச்சேரியில் சேதராப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம் பக்கம் உள்ள மருந்துக் கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். ஒரு போன் கூட வரவில்லை. என்னுடன் படித்தவன் ஒருவன் அதே மாதிரி கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். என் ரெஸ்யூமேயின் சாரத்தைக் கீழே போடுகிறேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இங்கே தமிழில் சொல்கிறேன்.

நோக்கம்: என் திறமையையும் நிறுவனத்தையும் ஒருசேர வளர்க்கும் சவாலான பணியில் சேர வேண்டும்.
அனுபவம்: க்யூசி கெமிஸ்ட். மூலப்பொருள், இடைநிலைப் பொருள், முடிந்த பொருள் சோதனை. ரிப்போர்ட் தயாரித்தல். மேலதிகாரி சொல்லும் மற்ற வேலைகள்.
திறமை: எச்பிஎல்சி, ஜிசி, யூவி (லேப் கருவிகள்), டைட்ரேஷன், எம்எஸ் ஆபீஸ், கடின உழைப்பு, குழுவாகப் பணியாற்றுதல்.
அப்புறம் போட்டோ, தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு, கடைசியில் உறுதிமொழி, கையெழுத்து.

எதை மாற்ற வேண்டும்?

வில்லியனூர்_எச்ஆர்
தம்பி, மருந்துக் கம்பெனி எச்ஆரில் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். இந்த ரெஸ்யூமேயில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. "மூலப்பொருள் சோதனை" என்று கடலூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எல்லா க்யூசி கெமிஸ்டும் எழுதுகிறார்கள். அதில் உங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நான் யாருக்கும் சொல்லும் விதி ஒன்றுதான். ரெஸ்யூமேயில் உள்ள ஒவ்வொரு வரியையும் பற்றி எதிரில் இருப்பவர் கேட்டால் ஐந்து நிமிடம் விடாமல் பேச முடிய வேண்டும். முடியாத வரியை எடுத்துவிடுங்கள். "கடின உழைப்பு" பற்றி ஐந்து நிமிடம் என்ன பேசுவீர்கள்? எச்பிஎல்சி பற்றிப் பேசலாம். எந்த மென்பொருள், எந்தக் காலம் (கலவையைப் பிரிக்கும் குழாய்), காலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) யார் செய்தார்கள், பீக் பிரியாமல் வந்தால் என்ன செய்தீர்கள் என்று பேச்சு நீளும்.

நோக்கம், போட்டோ, மதம், தந்தை பெயர், பொழுதுபோக்கு, உறுதிமொழி எல்லாம் போகட்டும். அந்த இடம் உங்கள் வேலைக்கு வேண்டும்.

இன்னொன்று. ரெஸ்யூமேயை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறீர்களா? கையெழுத்து என்று சொன்னதால் கேட்கிறேன். பெரிய கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் ரெஸ்யூமேயை வாசித்துப் பிரிக்கிறது. ஸ்கேன் செய்தால் அது வெறும் படம், பல மென்பொருள்களுக்கு அதில் எழுத்தே தெரியாது. இரண்டு பத்தி டிசைன், டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டாலும் வரிகள் குழம்பும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் பிடிஎஃப்-ஐத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே என்ன வரிசையில் வருகிறதோ, ஏறத்தாழ அப்படித்தான் எங்களுக்கும் வரும்.

முதுநகர்_பெரியவர்
எச்ஆர் அம்மா சொல்வது சரி. ஆனால் போட்டோ, உறுதிமொழி எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்கச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் ப்ளான்ட்டில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன். புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் இருக்கும் சின்னக் கம்பெனிகளில் எந்த மென்பொருளும் கிடையாது. வாக்-இன் என்று நூறு பேர் கேட்டில் நிற்பார்கள். காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது என்னைப் போன்ற ஆள்தான். போட்டோ இருந்தால் சாயங்காலம் எந்தப் பையன் எப்படிப் பேசினான் என்று ஞாபகம் வரும். டிரஸ்ட் நடத்தும் கல்லூரிகள், கூட்டுறவு நிறுவனங்கள் இன்னமும் முழு பயோடேட்டா கேட்கின்றன. இரண்டு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

வில்லியனூர்_எச்ஆர்
ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. நேரில் கொடுப்பதற்கு ஒன்று, ஆன்லைனில் அனுப்புவதற்கு ஒன்று. ஆனால் அனுபவப் பகுதி இரண்டிலும் அதேதான்.

தம்பி, இப்போது நீங்கள் பதில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி பார்க்கிறீர்கள்? எந்தக் கருவி பழுதானால் முதலில் உங்களைக் கூப்பிடுகிறார்கள்? நீங்கள் சொல்லி லேபிலோ ப்ளான்ட்டிலோ ஏதாவது மாறியிருக்கிறதா? சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

கெடிலக்கரை
ஷிஃப்டுக்கு 15 முதல் 20 மாதிரி வரும். கருவி என்றால் ஈரப்பதம் அளக்கும் கார்ல் ஃபிஷர்தான். அதில் எந்தப் பிரச்சினை வந்தாலும் என்னிடம் வருவார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். எங்கள் பொருள் ஒன்று காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ட்ரையரிலிருந்து மாதிரி வந்ததும் ஈரப்பதம் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே ரிசல்ட் லிமிட்டைத் தாண்டும். பேட்ச்சை மறுபடி ட்ரையரில் போடுவார்கள். மாதத்தில் ஆறேழு பேட்ச் அப்படிப் போகும், ப்ளான்ட்டுக்கும் லேபுக்கும் சண்டை வரும். ராத்திரி ஷிஃப்டில் அதிகமாக வருவதைக் கவனித்தேன். போய்ப் பார்த்தால் மாதிரி பாட்டிலைச் சரியாக மூடாமல் மேஜையில் வைத்துவிட்டு, நான்கைந்து மாதிரி சேர்ந்த பிறகு ஒன்றாகக் கொண்டுவருகிறார்கள். நம் ஊர் கடல் காற்றுக்கு அது போதும். பாட்டிலை ஓவனில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) வைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். மாதிரி எடுத்த உடனே மூடிக் கொண்டுவர வேண்டும் என்று இன்சார்ஜிடம் சொல்லி எஸ்ஓபியில் (எழுதி வைத்த செயல்முறை) சேர்த்தோம். போன மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பேட்ச்தான் மறுபடி போனது.

இதெல்லாம் ரெஸ்யூமேயில் போடுகிற விஷயமா அக்கா?

வில்லியனூர்_எச்ஆர்
இதைத்தான் போட வேண்டும்! இவ்வளவு நாள் இதை ஒளித்து வைத்துக்கொண்டு "எம்எஸ் ஆபீஸ்" என்று எழுதியிருக்கிறீர்களே.

ஒரு பேட்ச் மறுபடி ட்ரையருக்குப் போனால் நீராவி, கரண்ட், ஆள், நேரம் எல்லாம் செலவு. அடுத்த பேட்ச் காத்து நிற்கும். அதைக் குறைத்த கெமிஸ்டைத்தான் க்யூசி மேனேஜர் தேடுகிறார். இப்படி எழுதுங்கள்:

"ட்ரையர் மாதிரிகளில் ஈரப்பதம் மழைக்காலத்தில் தவறாக உயர்ந்து வந்ததற்கு மாதிரி கையாளும் முறையே காரணம் என்று கண்டறிந்தேன். உலர்த்திய பாட்டில், உடனடி மூடல் ஆகியவை எஸ்ஓபியில் சேர்க்கப்பட்டன. மீண்டும் உலர்த்தப்படும் பேட்ச்கள் மாதம் 6–7-லிருந்து 1–2 ஆகக் குறைந்தன."

இதுதான் அனுபவத்தில் முதல் வரி. இரண்டாவது வரியில் ஷிஃப்டுக்கு எத்தனை மாதிரி, எந்தெந்தக் கருவியில் என்று வரட்டும். மூன்றாவது வரியில் கார்ல் ஃபிஷர் பராமரிப்பு, காலிபரேஷன், புதியவர்களுக்குப் பயிற்சி. பொருளின் பெயர், கஸ்டமர் பெயர், சோதனை முறையின் விவரம் எதையும் எழுதாதீர்கள். அது உங்கள் கம்பெனியின் சொத்து. லாக் புக்கைப் போட்டோ எடுப்பதும் கூடாது. எண்கள் உங்கள் நினைவில் இருந்தால் போதும்.

லேப்_அண்ணன்
பதினைந்து வருடமாக மருந்து க்யூசியில் இருக்கிறேன். அக்கா எழுதிய வரி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதினால் இண்டர்வியூவில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள் தம்பி.

"பாட்டில்தான் காரணம் என்று எப்படி நிரூபித்தாய்?" என்பார்கள். கருவியில் தவறில்லை என்று முதலில் காட்ட வேண்டும். ட்ரிஃப்ட் (மாதிரி போடாதபோதே கருவி காட்டும் ஈரம்) நிலையாக இருந்ததா? சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட் போட்டுச் சரிபார்த்தீர்களா? அதில் நீர் 15.66 சதவீதம், அந்த எண் வாயில் வர வேண்டும். அப்புறம் ஒரே பேட்ச்சில் இரண்டு மாதிரி எடுத்து, ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வைத்து ஒப்பிட்டீர்களா?

மருந்துக் கம்பெனியில் கட்டாயம் வரும் கேள்வி இன்னொன்று: "ரிசல்ட் லிமிட்டைத் தாண்டி வந்தால் முதலில் என்ன செய்வாய்?" கெமிக்கல் கம்பெனிப் பையன்கள் பெரும்பாலும் "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பேன்" என்கிறார்கள். அங்கேயே கதவு மூடிவிடும். சரியான பதில்: தயாரித்த கரைசலைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு மேலதிகாரிக்குச் சொல்வேன். கணக்கு, எடை, கருவி, ஸ்டாண்டர்ட் ஆகியவற்றில் லேப் தவறு இருக்கிறதா என்று முதலில் விசாரணை நடக்கும். அனுமதியும் பதிவும் இல்லாமல் மறு சோதனை கிடையாது.

1993-ல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் வழக்கில், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகு 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான யூஎஸ்எஃப்டிஏ இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது, 2022-ல் அதைத் திருத்தியது. அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் கம்பெனி எதுவாக இருந்தாலும் இந்த வழிகாட்டுதலில்தான் கேள்வி கேட்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இண்டர்வியூவுக்கு முன் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

கெடிலக்கரை
மூடியும் திறந்தும் ஒப்பிட்டோம் அண்ணா, மூன்று பேட்ச்சில். டார்ட்ரேட் தினமும் போடுவோம். மறு சோதனை விஷயம் எனக்குப் புதிது, எங்கள் இடத்தில் அவ்வளவு கறார் இல்லை. படிக்கிறேன்.

நெல்லிக்குப்பம்_ரோடு
இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? மருந்துக் கம்பெனி அனுபவம் இரண்டு வருடம் என்று சர்ட்டிபிகேட் வாங்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். என் நண்பன் அப்படித்தான் உள்ளே போனான்.

வில்லியனூர்_எச்ஆர்
தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். யூஏஎன் என்ற பிஎஃப் நிரந்தர எண்ணைக் கொடுத்தால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பிஎஃப் கட்டப்பட்டது என்று வரிசையாக வந்துவிடும். நான்கு வருடம் சிப்காட்டில் பிஎஃப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே காலத்தில் இன்னொரு கம்பெனி எப்படி வரும்? சேரும்போது தப்பினாலும் இரண்டு வருடம் கழித்து வெரிஃபிகேஷனில் பிடித்து அனுப்புகிறார்கள். அதன் பிறகு ரிலீவிங் லெட்டரும் இல்லை, சொல்லிக்கொள்ள அனுபவமும் இல்லை. வீட்டுக்கு ஒரே சம்பளமாக இருக்கும் பிள்ளைகள் அந்த நிலையில் நிற்பதைப் பார்ப்பது மிகவும் வேதனை.

அரியாங்குப்பம்_தாரா
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் அக்கவுண்ட்ஸ் வேலையில் இருந்தேன். குழந்தைகளுக்காக 2019-ல் விட்டேன். இப்போது திரும்ப முயற்சி செய்கிறேன். இடைவெளியை எப்படிக் காட்டுவது? சிலர் "தெரிந்தவர் கடையில் கணக்கு பார்த்தேன் என்று எழுது" என்கிறார்கள்.

வில்லியனூர்_எச்ஆர்
உண்மையில் பார்த்திருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் வேண்டாம். "2019 முதல் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி" என்று ஒரே வரி போதும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நாங்கள் பயப்படுவது இடைவெளியைப் பார்த்து இல்லை, வேலை பழசாகிவிட்டதோ என்றுதான். ரெஸ்யூமேயில் டேலி ஈஆர்பி 9 என்று இருக்கிறதா? 2020-லேயே டேலிபிரைம் வந்துவிட்டது. அதில் ஒரு மாதம் கை ஓட்டிப் பழகிவிட்டு எழுதுங்கள்.

பாரதி_சாலை_ஆடிட்
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. நீங்கள் விட்டபோது இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) கிடையாது. இப்போது ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டினால் கட்டாயம், 2023 ஆகஸ்ட் முதல். ஜிஎஸ்டிஆர்-2பி-யும் (கிடைக்கும் உள்ளீட்டு வரியின் மாதப் பட்டியல்) நீங்கள் போன பிறகு வந்ததுதான். 2பி-யில் வந்த உள்ளீட்டு வரியைப் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு பொருத்திப் பார்க்கத் தெரியும் என்று எழுதி, நேரில் செய்தும் காட்டினால் எந்த ஆடிட்டர் ஆபீசும் உங்களை விடாது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் படிவம்). அந்தப் பத்து நாளும் எங்களுக்கு ஆள் பற்றாக்குறைதான். பகுதி நேரமாகக் கேட்டாலும் கிடைக்கும், அங்கிருந்து முழு நேரத்துக்குப் போகலாம்.

அரியாங்குப்பம்_தாரா
2பி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பொருத்திப் பார்த்ததில்லை. அங்கிருந்து தொடங்குகிறேன். இருவருக்கும் நன்றி.

கெடிலக்கரை
எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. ரெஸ்யூமேயை மாற்றினேன். நௌக்ரி வேலைத் தளத்திலும் அதே வரிகளைப் போட்டு, ஊர் பெயரைப் புதுச்சேரி, பாண்டிச்சேரி என்று இரண்டு விதமாகவும் சேர்த்தேன். இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் இண்டர்வியூ முடிந்தது. முக்கால் மணி நேரத்தில் பாதி கார்ல் ஃபிஷரிலேயே போனது! லேப் அண்ணன் சொன்ன மறு சோதனைக் கேள்வியும் வந்தது.

வருடத்துக்கு 3.6 லட்சம் சிடிசி (எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்கிறார்கள். மாதம் 30,000. உடனே சரி சொல்லிவிடலாமா?

பாரதி_சாலை_ஆடிட்
வாழ்த்துகள் தம்பி. சரி சொல்லும் முன் பிரித்துக் கேளுங்கள். 30,000 கையில் வராது.

கெடிலக்கரை
கேட்டேன் அண்ணா. பேசிக் 15,000. கம்பெனி கட்டும் பிஎஃப்-உம் கிராச்சுட்டியும் (பணிக்கொடை) சிடிசிக்குள் இருக்கிறது. வருடத்துக்கு 24,000 வேரியபிள் (நிச்சயமில்லாத, மாறும் தொகை). மீதி எல்லாம் அலவன்ஸ்.

பாரதி_சாலை_ஆடிட்
அப்படியானால் கணக்கு இது. கம்பெனி பங்கு பிஎஃப் மாதம் 1,800. கிராச்சுட்டிக்கு பேசிக்கில் 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள், அது 722 ரூபாய். வேரியபிள் மாதத்துக்கு 2,000 என்று கழியுங்கள். மொத்தச் சம்பளம் 25,478 வரும். அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போனால் 23,678. தொழில்வரி இருந்தால் அது வேறு. இப்போது கையில் வாங்குவது 18,033 என்று வைத்தால், உயர்வு மாதம் ஐந்தாயிரத்து அறுநூறு சொச்சம். நல்ல உயர்வுதான், ஆனால் 19,500-லிருந்து 30,000 என்று நினைத்துக் கல்யாணக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது இஎஸ்ஐ. சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் புது இடத்தில் அது கிடையாது. இப்போது அப்பா அம்மா உங்களைச் சார்ந்தவர்களாக இஎஸ்ஐயில் இருந்தால் அவர்களுக்கும் அந்த வைத்தியம் நின்றுவிடும். புதுக் கம்பெனியின் மெடிக்கல் இன்சூரன்சில் பெற்றோர் சேர்க்கப்படுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

முதுநகர்_பெரியவர்
இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை யாரும் சொல்லவில்லை. தம்பிக்கு நான்கு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ராஜினாமா செய்தால் கிராச்சுட்டி போய்விடும்! சட்டப்படி ஐந்து வருடம் வேண்டும். ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் பேசிக்குக் கணக்குப் போட்டால் 11,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு 31,730 ரூபாய். உங்கள் நோட்டீஸ் காலம் எவ்வளவு?

கெடிலக்கரை
இரண்டு மாதம் ஐயா. இதை நான் யோசிக்கவே இல்லை.

முதுநகர்_பெரியவர்
இரண்டு மாதம் சேர்த்தால் நான்கு வருடம் ஏழு மாதம். வாரம் ஆறு நாள் வேலை, 240-ஐத் தொட இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். புதுக் கம்பெனியில் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். சில கம்பெனிகள் முழு ஐந்து வருடம்தான் என்று பிடிவாதம் பிடிக்கும், அப்போது தொழிலாளர் துறைக்குப் போக வேண்டியிருக்கும். வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். புதுக் கம்பெனி காத்திருக்க மாட்டோம் என்றால், மாதம் ஐந்தாயிரத்து அறுநூறு உயர்வில் ஆறு மாதத்துக்குள் அந்தப் பணம் வந்துவிடும். அதனால் இதற்காக நல்ல வேலையை விட வேண்டாம். ஆனால் கேட்காமல் விடவும் வேண்டாம்.

லேப்_அண்ணன்
சம்பளமும் பேசிப் பாருங்கள். "என் குடும்பக் கஷ்டம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "வேரியபிள் 24,000-ஐ நிரந்தரச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். கம்பெனிக்கு மொத்தச் செலவு ஏறுவதில்லை, உங்களுக்கு நிச்சயமான பணம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

கெடிலக்கரை
ஆஃபரைக் காட்டி இப்போதைய கம்பெனியிலேயே ஏற்றிக் கேட்கலாமா? வீட்டுக்குப் பக்கம், பழகிய ஆட்கள்.

லேப்_அண்ணன்
அங்கேயே இருக்க உண்மையில் விருப்பம் இருந்தால் ஆஃபரைக் காட்டாமல் கேளுங்கள். ட்ரையர் விஷயத்தில் நீங்கள் மிச்சப்படுத்தியதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆஃபரைக் காட்டி வாங்கும் உயர்வு அடுத்த இரண்டு இன்க்ரிமென்ட்டை விழுங்கிவிடும் என்பது நான் பார்த்தது.

வில்லியனூர்_எச்ஆர்
எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து. ஆஃபரைக் காட்டுவது தவறில்லை, முடியாது என்றால் போய்விடத் தயாராக இருப்பவர் மட்டும் காட்டலாம். ஆனால் இந்தத் தம்பிக்கு நான் போகத்தான் சொல்வேன். மருந்துக் கம்பெனி அனுபவம் ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த ரெஸ்யூமே வேறு தளத்தில் இருக்கும்.

கெடிலக்கரை
பேசிவிட்டேன். வேரியபிளில் பாதியை நிரந்தரமாக மாற்றிவிட்டார்கள். சேர மூன்று மாதம் அவகாசம் தந்தார்கள். இன்சூரன்சில் பெற்றோரையும் சேர்க்கலாம், ப்ரீமியத்தில் ஒரு பகுதி நான் கட்ட வேண்டும். கம்பெனி பஸ் கடலூர் வரை வருகிறது, ஆனால் இரவு ஷிஃப்டுக்குப் புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்துதான் ஏற வேண்டும். ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகே ராஜினாமா கொடுக்கப் போகிறேன். பழைய பிஎஃப் பணத்தைத் தங்கை கல்யாணத்துக்கு எடுத்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

பாரதி_சாலை_ஆடிட்
முழுதாக எடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள் தம்பி. ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வருமான வரி கணக்கில் வரும். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், அந்த எண்ணிக்கையும் முறிந்துவிடும். புது இடத்தில் அதே யூஏஎன்-ஐக் கொடுத்து, சேர்ந்த பிறகு ஆன்லைனில் டிரான்ஸ்ஃபர் போடுங்கள், பழைய சேவையும் சேர்ந்தே எண்ணப்படும். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பிஎஃப் பதிவோடு பொருந்துகிறதா என்று பழைய கம்பெனியில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், வெளியே வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.